ஏட்டில் ஏறாத வளவு



ஒரு கிராமத்தின் பொருளாதாரத்தை அறிய விரும்புகிறவர் முதலிலே எதைக் கேட்பார்? எத்தனை ஏக்கர் வயல், எத்தனை மூடை நெல், எவ்வளவு கடன் என்றெல்லாம் கேட்பார். கேட்க வேண்டியவைதாம். ஆனால் அவற்றுக்கெல்லாம் முன்னதாக ஒரு வினா எப்போதும் வந்து நிற்கிறது. "குடும்பத் தலைவரின் பெயர் யாது?" என்பதே அது. எந்தப் படிவத்தை எடுத்தாலும் முதல் வரியிலே இருப்பது அதுதான். அந்த ஒரு வரி எங்கள் கரையோரக் கிராமங்களிலே செய்த வேலையைப் பற்றித்தான் இன்றைய உரையிலே பேச விரும்புகிறேன்.

2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் திகதி கடல் எழுந்து வந்ததை நேயர்கள் மறந்திருக்க மாட்டீர்கள். இலங்கையின் மாவட்டங்களிலே ஆகக் கூடிய உயிர்களை இழந்தது அம்பாறை மாவட்டம். 10,000 பேருக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அப்போது நான் இருபதுகளின் நடுவிலே இருந்தேன். ஒரு தொண்டு நிறுவனத்துக்காக, பாடசாலை ஒன்றிலே அமைந்திருந்த நலன்புரி முகாமிலே படிவம் நிரப்பும் வேலை எனக்குக் கிடைத்தது. வாங்கு ஒன்றிலே அமர்ந்து ஒவ்வொரு குடும்பமாக அழைத்து எழுதிக்கொண்டிருந்தேன். முதியவர் ஒருவர் வந்தார். "ஆச்சி, உங்கட குடும்பத் தலைவர் யார்?" என்று கேட்டேன். அவர் என்னை வியப்போடு பார்த்தார்.

"எந்தக் குடும்பம் மனே? மூத்தவட வீடா, இளையவட வீடா, நான் கிடக்கிற குசினியா?"

ஒரே வளவு. அதிலே பெரிய வீடு மூத்த மகளுக்குச் சீதனமாக எழுதிக் கொடுத்தது. பக்கத்து வீடு இளைய மகளுக்கென்று கட்டியது. ஆச்சி தம் கணவரோடு பின்புறத்திலே ஒரு கொட்டிலுக்கு ஒதுங்கிவிட்டார். ஆண் மக்கள் இருவரும் கல்யாணம் முடித்து மனைவிமாரின் வளவுகளிலே இருக்கிறார்கள். அந்த வளவு ஆச்சிக்கு அவருடைய தாய் கொடுத்தது. மருமக்கள் இருவரும் வெளியிலிருந்து வந்து சேர்ந்தவர்கள். என் படிவத்திலோ ஒரேயொரு கூடுதான் இருந்தது. பின்னால் வரிசை நீண்டு நின்றது. நான் மூத்த மருமகனின் பெயரை எழுதினேன். எழுதி முடித்தபோது ஒரு கடமையைச் செய்துவிட்டேன் என்றே எண்ணினேன்.

நான் எழுதியது எவ்வளவு பெரிய பிழை என்பது பின்னர்தான் புரிந்தது. அதைச் சொல்வதற்கு முன் எங்கள் கரையின் வழமையைச் சற்று விளக்க வேண்டும்.

அக்கரைப்பற்றிலிருந்து தெற்கே போனால் தம்பிலுவில், திருக்கோவில். அவற்றுக்கு மேற்கே, வயல்வெளிகளுக்கு அப்பால், சாகாமக் குளம். வடக்கே நிந்தவூர், காரைதீவு, சாய்ந்தமருது, கல்முனை, மருதமுனை என்று தமிழரும் முஸ்லிம்களும் அடுத்தடுத்து வாழும் ஊர்கள் ஒரு சரம்போலக் கோத்துக் கிடக்கின்றன. இந்த ஊர்களின் வாழ்வுக்கு ஒரு பொது அமைப்பு உண்டு. வீடு கடலோர மணலிலே, வயல் மேற்கிலே. வீட்டுக்கும் வயலுக்கும் இடையிலே பல மைல் தூரம் இருக்கலாம். போர்க்காலத்திலே அந்தத் தூரம் உயிரோடு விளையாடும் தூரமாகவும் ஆயிற்று.

வயலை ஆள்வதற்கென்று இங்கே தனிச்சொற்கள் இருக்கின்றன. பரந்த வயல்வெளி 'வட்டை' எனப்படும். அதற்கு நீர் பங்கிடும் பொறுப்புடையவர் வட்டைவிதானை. வயலுக்குரியவர் போடியார். அவருக்காக முன்னின்று வேளாண்மை செய்விப்பவர் முல்லைக்காரர். சூடடிக்கும் களத்திலே நெல்லை நெல் என்று சொல்லாமல் 'பொலி' என்பார்கள். இச்சொற்களையெல்லாம் அறிந்தவர்கூட, போடியாரின் வயலிலே ஒரு பகுதி அவருடைய மனைவிக்குச் சீதனமாக வந்தது என்பதைக் கவனிக்காமல் போய்விடலாம். ஏனெனில் வயலிலே நிற்பவர் ஆண். கடன் எடுப்பவர் ஆண். கூட்டத்திலே பேசுபவர் ஆண். உறுதியிலே இருக்கும் பெயர் மட்டுமே பெண்ணுடையது.

இந்தக் கரையிலே ஒருவர் எந்தக் குடியைச் சேர்ந்தவர் என்பதைத் தாய்தான் தீர்மானிக்கிறாள். தாயின் குடியே பிள்ளையின் குடி. ஒரே குடிக்குள்ளே மணம் முடிப்பதில்லை. தமிழர் ஊர்களிலே கோயில் நிருவாகத்திலே குடிகளுக்கு வண்ணக்கர்மார் உள்ளனர். முஸ்லிம் ஊர்களிலே பள்ளிவாசலிலே குடிகளுக்கு மரைக்கார்மார் உள்ளனர். மதம் வேறு, வழிபாடு வேறு. வீட்டின் எலும்புக்கூடு மட்டும் ஒன்றாக இருக்கிறது. மணமான ஆண் மனைவியின் வீட்டுக்குப் போகிறான். பெற்றோர் மகளுக்கு வீட்டைக் கொடுத்துவிட்டு, அடுத்த மகளுக்கு அடுத்த வீட்டைக் கட்டத் தொடங்குகிறார்கள்.

இது எப்படி வந்தது? மட்டக்களப்புப் பகுதியிலே முன்னர் 'முக்குவர் சட்டம்' என்ற வழமை இருந்தது. கிறிஸ்தோபர் பிரிற்றோ அதனைப் பற்றி 1876ஆம் ஆண்டிலே நூல் எழுதி வெளியிட்டார். அவ்வழமையின்படி முதுசச் சொத்து பெண்வழியாகவே இறங்கும். ஓர் ஆண் வைத்திருந்த முதுசம் அவனுடைய பிள்ளைகளுக்கன்று, அவனுடைய சகோதரியின் பிள்ளைகளுக்குப் போகும். அதே 1876ஆம் ஆண்டிலே வந்த 15ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் இந்த முறையைப் பின்தள்ளியது. சட்டப்படி சொத்து இனி இறந்தவரின் சொந்தப் பிள்ளைகளுக்கே உரியதாயிற்று.

சட்டம் மாறியது. ஆனால் தாய்வழி நாட்டம் மறையவில்லை. வாய்க்காலை ஒரு பக்கம் அடைத்தால் நீர் வேறொரு பக்கம் வழிதேடுவதுபோல, அது சீதனத்தின் வழியாக ஓடியது. இறந்தபின் பங்கு போடுவதற்கு முன், உயிரோடிருக்கும்போதே வீடும் வயலும் மகளுக்கு எழுதப்பட்டன. முஸ்லிம்களிடையே மார்க்கச் சட்டப்படி மகனின் பங்கிலே பாதியே மகளுக்கு உரியது. ஆனால் அந்தப் பங்கீடு வாழ்நாள் முடிந்தபின் எஞ்சியிருக்கும் சொத்துக்கே பொருந்தும். திருமணத்தின்போதே வளவு மகளுக்குக் கொடுக்கப்பட்டுவிட்டால், பங்கிடுவதற்கு வளவு மிஞ்சுவதில்லை. ஆக, தமிழரும் முஸ்லிம்களும் வெவ்வேறு சட்டங்களின் கீழ் வாழ்ந்தும், ஒரே இடத்துக்கு வந்து சேர்ந்தார்கள். அந்த இடம் மகளின் வீடு.

நேயர்களே, இதை நாங்கள் வாழ்ந்து அறிந்தோம். எழுதி அறிந்தவர்கள் யார் என்று கேட்டால், பெரும்பாலும் வெளியிலிருந்து வந்தவர்களைத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது. அதனாலே கிராம ஆய்வு என்ற துறை வளர்ந்த வரலாற்றை இங்கே சுருக்கமாகப் பார்ப்பது பயன்தரும்.

தமிழ் வழங்கும் நிலத்திலே இத்துறைக்கு அடியெடுத்துக் கொடுத்தவர்களுள் முதன்மையானவர் கில்பேர்ட் சிலேற்றர். 1915ஆம் ஆண்டு சென்னைப் பல்கலைக்கழகத்துக்குப் பொருளியற் பேராசிரியராக வந்த ஆங்கிலேயர் அவர். வந்தவர் நூலகத்திலே உட்கார்ந்துவிடவில்லை. தம் மாணவர்களிடம் ஒரு வினாத்தாளைக் கொடுத்து, விடுமுறையிலே தத்தம் ஊர்களுக்குப் போய் விவரம் திரட்டி வாருங்கள் என்றார். இருவேல்பட்டு, தூசி, பாலக்குறிச்சி, வடமலாபுரம், கங்கைகொண்டான் முதலிய ஊர்கள் அவ்வாறு எழுதப்பட்டன. 1918ஆம் ஆண்டு அவை நூலாக வெளிவந்தன. பி. ஜே. தோமஸ், கே. சி. இராமகிருஷ்ணன் ஆகிய இருவரும் அவ்வூர்களை மறுபடியும் ஆராய்ந்து 1940ஆம் ஆண்டிலே வெளியிட்டனர். பின்வந்தோரும் அதே ஊர்களுக்குத் திரும்பத் திரும்பப் போனார்கள். இருவேல்பட்டு என்ற ஒரு கிராமத்தின் கதை 1916 தொடக்கம் 2008 வரை ஆய்வாளர்களாலே தொடர்ந்து எழுதப்பட்டிருக்கிறது. தன் ஊரை மாணவனே எழுதத் தொடங்கியதாலே விளைந்த பேறு இது.

எங்கள் பகுதியைப் பற்றி எஸ். ஓ. கனகரத்தினம் முதலியார் 1921ஆம் ஆண்டிலே மட்டக்களப்பு மாவட்டம் பற்றிய ஆங்கில நூலை எழுதினார். தமிழிலே வி. சீ. கந்தையா 1964ஆம் ஆண்டு தந்த 'மட்டக்களப்புத் தமிழகம்' எங்கள் பேச்சையும் வழமையையும் காத்து வைத்த பெருநூல். அதை நான் வகுப்பறையிலே இன்றும் எடுத்துச் செல்கிறேன்.

சுதந்திரத்துக்குப் பிந்திய ஆண்டுகளிலே இலங்கைக் கிராமங்கள் மீது பல்கலைக்கழகங்களின் பார்வை விழுந்தது. என். கே. சர்க்காரும் எஸ். ஜே. தம்பையாவும் பாத்ததும்பறைப் பகுதியை ஆராய்ந்து, சிதைந்துவரும் கிராமம் என்று பொருள்படும் தலைப்பிலே 1957ஆம் ஆண்டு ஒரு நூலை வெளியிட்டனர். கேம்பிரிட்ஜிலிருந்து வந்த எட்மண்ட் லீச், 1954ஆம் ஆண்டு வடமத்திய மாகாணத்தின் புல் எலிய என்ற சிறு குளத்துக் கிராமத்திலே தங்கினார். 1961ஆம் ஆண்டு வெளிவந்த அவருடைய நூலின் வாதம் அக்காலத்திலே பெரும் சர்ச்சையைக் கிளப்பியது. உறவுமுறை என்பது ஆகாயத்திலே மிதக்கும் விதியன்று, நிலத்தையும் நீரையும் யார் வைத்திருப்பது என்பதைப் பேசுவதற்கு மக்கள் பயன்படுத்தும் மொழியே அது என்பதுதான் அந்த வாதத்தின் சாரம். அதை முழுவதும் ஏற்காதவர்களும் அதன்பின் உறவைப் பற்றி எழுதும்போது காணி உறுதியைப் பார்க்காமல் எழுத முடியவில்லை.

லீச்சின் மாணவரான நூர் யல்மன் அதே ஐம்பதுகளிலே இலங்கைக்கு வந்து, கிழக்குக் கரையையும் தம் ஆய்வுக்குள் கொண்டுவந்தார். 1967ஆம் ஆண்டு வெளியான அவருடைய நூலிலே கிழக்குக் கரையின் இந்துக்களும் முஸ்லிம்களும் தாய்வழிக் குடிகளோடு இடம்பெறுகிறார்கள். பாணமையிலே தமிழரும் சிங்களவரும் கலந்து மணம் முடித்து வாழ்ந்ததையும் அவர் எழுதினார். அதன்பின் டெனிஸ் மக்கில்வ்ரே என்ற அமெரிக்க மானிடவியலாளர் 1969ஆம் ஆண்டு அக்கரைப்பற்றுக்கு வந்தார். அங்கே தங்கித் தமிழிலே பேசி, குடிகளையும் கோயில்களையும் பள்ளிவாசல்களையும் சீதனத்தையும் ஆராய்ந்தார். ஒருமுறை வந்து போனவரல்லர் அவர். போர் நடந்த காலத்திலும் கடல்கோளின் பின்னும் திரும்பி வந்தார். அவருடைய பெருநூல் 2008ஆம் ஆண்டிலேதான் வெளிவந்தது. ஒரு ஊரை எழுத ஏறத்தாழ 40 ஆண்டுகள்! அவருடைய எழுத்திலே எங்கள் ஊர்ப் பெண்ணின் வீடு தன் உரிய இடத்திலே இருக்கிறது. காரணம் எளிது. அவர் படிவத்தோடு வரவில்லை. மக்கள் தங்களைப் பற்றி எந்தச் சொற்களிலே பேசுகிறார்கள் என்று முதலிலே கேட்டுக்கொண்டார்.

இதற்கு நேர்மாறாக நடந்தது எங்கள் வயல்களுக்கு வடமேற்கே. பட்டிப்பளை ஆற்றை இங்கினியாகலையிலே மறித்து அணை கட்டும் பெருந்திட்டத்துக்காக 1949ஆம் ஆண்டு கல்லோயா அபிவிருத்திச் சபை நிறுவப்பட்டது. காடு வெட்டப்பட்டது. வாய்க்கால்கள் ஓடின. குடியேற்றவாசிகள் கொண்டுவரப்பட்டனர். பி. எச். பாமர் என்ற புவியியலாளர் இத்தகைய குடியேற்றங்களைப் பற்றி 1957ஆம் ஆண்டு ஒரு நூல் எழுதினார். கல்லோயாத் திட்டத்தை மதிப்பிடுவதற்காகப் பின்னர் ஒரு குழு அமைந்தது. 1970ஆம் ஆண்டு வெளியான அதன் அறிக்கை, செலவு பயனை மிஞ்சிவிட்டது என்று கணக்குக் காட்டியது. தம்பையா 1956ஆம் ஆண்டு ஜூன் மாதம் தம் மாணவரோடு கல்லோயாவிலே ஆய்வு செய்துகொண்டிருந்தபோதுதான் அங்கே இனக்கலவரம் வெடித்தது. கிராமப் பொருளாதாரத்தை அளக்கப் போனவர் மனிதர் மனிதரை வேட்டையாடுவதைக் கண்டு திரும்பினார்.

இந்தத் திட்டத்திலே நான் இன்று எடுத்துக்காட்ட விரும்புவது ஒரு சிறு கடதாசியை. குடியேற்றவாசிக்குக் கொடுக்கப்பட்ட காணி அனுமதிப்பத்திரம் அது. அதன் சட்ட அடிப்படை 1935ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டம். காணி துண்டுபடலாகாது என்பது அச்சட்டத்தின் நோக்கம். ஆகவே ஒருவருக்குப் பின் ஒருவரே உரிமையாளர். அவர் தம் பின்னுரித்தாளரைப் பெயர் குறிக்காமல் இறந்தால் யாருக்கு உரிமை என்பதை அச்சட்டத்தின் மூன்றாம் அட்டவணை சொன்னது. அதிலே மகன் முன்னே, மகள் பின்னே. பேரன் முன்னே, பேத்தி பின்னே. உறவின் ஒவ்வொரு படியிலும் ஆண் முந்தினான்.

இரு நாடுகளல்ல, நேயர்களே, ஒரே மாவட்டம். ஒரு பக்கத்திலே தாய் மகளுக்கு வயல் எழுதுகிறாள். சில மைலுக்கு அப்பால் அரசாங்கத்தின் அட்டவணை மகளைப் பின்வரிசையிலே நிறுத்துகிறது. தனியார் உறுதிக் காணிக்கு ஒரு நியாயம், அனுமதிப்பத்திரக் காணிக்கு வேறொரு நியாயம். கரையோரத்திலே பிறந்த ஒரு பெண்ணுக்கு மேற்கே அரச காணி கிடைத்தால், அவள் தாயிடமிருந்து பெற்ற வழமை அந்தக் காணியின் எல்லைக் கல்லோடு நின்றுவிடும். இந்தச் சட்டத்திலிருந்த ஆண் முதன்மை 2022ஆம் ஆண்டு வந்த திருத்தச் சட்டத்தினாலேதான் நீக்கப்பட்டது. 87 ஆண்டுகள் சென்றன.

கல்லோயாவைப் பற்றி இன்னொன்றையும் சொல்லாவிட்டால் நான் நியாயம் தவறியவன் ஆவேன். 1972ஆம் ஆண்டு நிறுவப்பட்ட கமநல ஆராய்ச்சி பயிற்சி நிறுவகமும் அமெரிக்காவின் கோர்னெல் பல்கலைக்கழகமும் சேர்ந்து, எண்பதுகளின் முற்பகுதியிலே கல்லோயா இடதுகரையிலே ஒரு முயற்சி செய்தன. பாழடைந்து போன வாய்க்கால்களைத் திருத்தும் திட்டம் அது. 1981ஆம் ஆண்டு இளம் பட்டதாரிகள் அமைப்பாளர்களாக விவசாயிகளிடையே தங்கவைக்கப்பட்டனர். அவர்களுக்கிடப்பட்ட முதல் வேலை எதையும் போதிப்பதன்று, விவசாயிகள் சொல்வதைக் கேட்பது. அவ்வாண்டு குளத்திலே நீர் மிகக் குறைவு. ஆனாலும் மேல்மடை விவசாயிகள் சிரமதானம் செய்து வாய்க்காலைத் துப்புரவாக்கி, முறைவைத்து நீர் பாய்ச்சி, மிச்சப்படுத்திய நீரைக் கீழே விட்டார்கள். மேலே பெரும்பாலும் சிங்கள விவசாயிகள், வாய்க்காலின் கடைசியிலே தமிழ் விவசாயிகள். நோர்மன் அப்ஹொஃப் இந்த அனுபவத்தை 1992ஆம் ஆண்டு வெளிவந்த தமது நூலிலே விரிவாக எழுதினார். விவசாயிகள் ஒத்துழைக்க மாட்டார்கள் என்று அதிகாரிகள் பல காலம் எழுதி வைத்திருந்த அதே இடத்திலே இது நடந்தது. விவசாயி மாறவில்லை. கேட்கப்பட்ட வினா மாறியிருந்தது.

இனி, ஆச்சியிடம் திரும்புவோம்.

கடல்கோளின் பின் கிழக்கிலே கடற்கரையிலிருந்து 200 மீற்றருக்குள் வீடு கட்டக்கூடாது என்று முதலிலே விதிக்கப்பட்டது. கல்முனை, சாய்ந்தமருது, மருதமுனை போன்ற நெருக்கமான ஊர்களிலே 200 மீற்றர் என்பது ஊரின் பெரும் பகுதி. அந்தப் பட்டையிலே கிடந்தவை வெறும் வீடுகளல்ல. மகள்மாருக்குக் கொடுத்தவையும், கொடுப்பதற்கென்று பத்திரப்படுத்தியவையுமான வளவுகள். தாயின் அருகிலே மகள், மகளின் அருகிலே தங்கை என்று இருந்த வரிசை குலைந்து, புதிய வீடுகள் தூரத்திலே, குலுக்கலிலும் பட்டியலிலும் கிடைத்தன. பட்டியலிலே இருந்த பெயர் குடும்பத் தலைவருடையது. மக்கில்வ்ரேயும் பற்றீசியா லோறன்சும் இந்தக் கரையின் முஸ்லிம் ஊர்களிலே கடல்கோளுக்குப் பிந்திய வீடுகளும் சீதனமும் பட்ட பாட்டை ஆராய்ந்து, 2010ஆம் ஆண்டு வெளியான ஒரு தொகுப்பிலே எழுதியிருக்கிறார்கள்.

ஏறக்குறைய இரண்டு வருடங்கள் கழித்து ஆச்சியை ஒரு கோயில் திருவிழாவிலே சந்தித்தேன். புது வீடு கிடைத்துவிட்டதா என்று கேட்டேன்.

"கிடைச்சது மனே. மருமகன்ட பேருக்கு. அவர் நல்ல பொடியன்தான். ஆனா என்ட தாய் எனக்குத் தந்தாள், நான் மகளுக்குக் குடுத்தன். அவள் தன்ட மகளுக்கு எதைக் குடுப்பாள்?"

ஆச்சி என்னைக் குற்றஞ்சாட்டவில்லை. அந்தப் பெயரை எழுதியவன் நான் என்பது அவருக்கு நினைவிருந்ததோ என்னவோ, எனக்கு நினைவிருந்தது. ஒரு சட்டத்தினாலும் மூன்று தலைமுறை வழமையை ஓர் இரவிலே மாற்ற முடியாது. ஒரு கூட்டுக்குள்ளே ஒரு பெயரை எழுதி நான் மாற்றிவிட்டேன்.

போருக்குப் பின்னும் கடல்கோளுக்குப் பின்னும் அறிக்கைகளிலே ஒரு தொடர் பெருவழக்காயிற்று. 'பெண் தலைமைத்துவக் குடும்பம்' என்பது அது. கணவனை இழந்தவளின் குடும்பத்தை, கணவன் காணாமற் போனவளின் குடும்பத்தை அது குறித்தது. அவர்களுடைய துன்பம் மெய்யானது, உதவி தேவையானது. ஆனால் அத்தொடரின் உள்ளே ஓர் எண்ணம் ஒளிந்திருக்கிறது. ஆண் இல்லாதபோது மட்டுமே பெண் தலைவியாகிறாள் என்ற எண்ணம் அது. எங்கள் கரையிலே கணவன் உயிரோடு திண்ணையிலே இருக்கும்போதே வீடு மனைவியுடையது. இந்த நிலைமைக்கு அறிக்கையிலே சொல் இல்லை. சொல் இல்லாதபோது பொருளும் கண்ணுக்குத் தப்பிவிடுகிறது.

அதற்காக எங்கள் வழமையைப் பொன்முலாம் பூசிக் காட்ட நான் வரவில்லை. மகளுக்கு வீடு கொடுக்க வேண்டும் என்பதாலே தந்தையும் தமையனும் தம் இளமையைச் செங்கல்லாக அடுக்குகிறார்கள். தங்கையின் வீடு முடியும்வரை தன் கல்யாணத்தைத் தள்ளிவைத்த தமையன்மாரை எல்லா ஊரிலும் காணலாம். எத்தனையோ பேர் மத்திய கிழக்குக்குப் போனார்கள். பெண்களே பணிப்பெண்களாகப் போய், தமக்குரிய சீதன வீட்டைத் தாமே உழைத்துக் கட்டினார்கள். வீடு பெண்ணுடையதாக இருந்தும் கோயிலிலும் பள்ளிவாசலிலும் விவசாயக் கூட்டத்திலும் அவள் குரல் ஒலிப்பதில்லை. வீடில்லாத பெண்ணுக்கு மாப்பிள்ளை கிடைப்பதும் அரிது. உரிமையும் சுமையும் ஒரே உறுதியிலே எழுதப்பட்டிருக்கின்றன. இரண்டையும் சேர்த்துப் பார்ப்பதே ஆய்வு. ஒன்றை மட்டும் பார்ப்பது புகழ்ச்சி, மற்றதை மட்டும் பார்ப்பது பழிச்சொல்.

ஆயினும் ஒன்று உறுதி. கணவன் கைவிட்டாலும், குடித்துக் கெட்டாலும், தெருவுக்குப் போக வேண்டியவள் அவளல்லள். பிள்ளைகளோடு நிற்பதற்கு அவளுக்குக் காலடி மண் உண்டு. தாயும் சகோதரியும் கூப்பிடு தூரத்திலே உண்டு. ஏழைக் குடும்பம் ஒன்றின் பொருளாதாரத்திலே இதைவிடப் பெரிய காப்புறுதி எது? அந்தக் காப்புறுதியை எந்த அட்டவணையும் ரூபாயிலே கணக்கிட்டதாக நான் கண்டதில்லை. கணக்கிலே வராததாலே, அதை இழந்தபோதும் இழப்பீட்டுக் கணக்கிலே அது வரவில்லை.

நான் பொருளியல் கற்றவனல்லன். தமிழ் ஆசிரியன். ஆகவே எனக்குத் தெரிந்த வழியிலேதான் ஒரு சிறு காரியம் செய்து பார்த்தேன். சிலேற்றரின் பழைய உபாயத்தைக் கடனாக எடுத்துக்கொண்டேன். உயர்தர வகுப்பு மாணவரிடம், விடுமுறையிலே தத்தம் வளவைப் பற்றி எழுதிவருமாறு சொன்னேன். 'குடும்பத் தலைவர்' என்ற சொல்லைப் பயன்படுத்தக் கூடாது என்பது ஒன்றே நிபந்தனை. அதற்குப் பதிலாக நான்கு வினாக்கள் கொடுத்தேன். இந்த வளவு யார் யாருக்குக் கொடுத்தது? அவருக்கு அது எப்படி வந்தது? இந்த வீட்டுக்கு வெளியிலிருந்து வந்தவர் யார்? இங்கிருந்து வெளியே போனவர் யார்?

வந்த கட்டுரைகளை ஓர் இரவு முழுவதும் இருந்து வாசித்தேன். சாகாமத்து வயல் ஒன்று நான்கு பெண்களின் கைமாறி வந்த கதை அதிலே இருந்தது. தாயின் வளவு கடலோடு போனபின் மாமி ஒருத்தி தன் வளவிலே ஒரு துண்டை அளந்து கொடுத்த கதை இருந்தது. அம்மம்மாவின் பெயரிலுள்ள உறுதியைத் தான் முதன்முதலாக விரித்துப் பார்த்ததாக ஒரு மாணவி எழுதியிருந்தாள். அவளுடைய கட்டுரையின் கடைசி வரியிலே ஒரு கேள்வி இருந்தது. தன் வீட்டுக்கு அண்மையிலே வந்த படிவம் ஒன்றிலே தாயின் பெயரை முதலாவதாக எழுதியதாகவும், அதைப் பார்த்த அலுவலர் அப்பா இறந்துவிட்டாரா என்று கேட்டதாகவும் அவள் எழுதியிருந்தாள். "இல்லை, வயலுக்குப் போயிருக்கிறார் என்று சொன்னேன். நான் எழுதியது சரிதானே சேர்?"

சரி என்று சிவப்பு மையாலே எழுதி, கையொப்பமிட்டுக் கொடுத்தேன்.